உள்கன்னம்

கிணுங். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் கிணுங், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் சொட்டுகிற சத்தம். ஐஸ் கம்பெனியில் கொக்கி போய்க் கேனில் இடிக்கிறது என்றுதான் சொரிமுத்துவுக்கு முதலில் பட்டது. மீன்பிடி போட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள், ஐஸ் பாளத்தைத் தூக்கவேண்டும், இதோ எழுந்துவிட்டேன், இதோ கண்ணைத் திறக்கிறேன் என்று தனக்குள்ளேயே யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் கொக்கி இடித்தால் அது டங்கென்று அடிவயிற்றில் அல்லவா விழும். இது மெலிசு. கண்ணாடி கண்ணாடியைத் தொடுகிற சத்தம். கல்யாண வீட்டில் வளையல் அடுக்குகிற மாதிரி. அப்படியானால் கம்பெனி இல்லை. அப்படியானால் கன்னத்துக்குக் கீழே சில்லென்றிருப்பது பாளம் இல்லை, மேசை. அப்படியானால் இன்றைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமை என்று தெரிந்ததுமே, கண் திறப்பதற்கு முன்னால், நாக்கு கிளம்பிவிட்டது. வலது உள்கன்னம், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே. போய்த் தடவிப் பார்த்தது. இருக்கிறது. காய்ந்த கஞ்சி ஒட்டிக்கொண்ட பாத்திரத்தின் ஓரம் மாதிரி, சொரசொரவென்று, நேற்று இருந்த இடத்திலேயே. நேற்றைவிடப் பெரிதா? நாக்குக்கு அளக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் போவதும் வருவதும்தான். பல் போன இடத்துக்கு நாக்கு போகும் என்பார்கள்; பல் இருக்கிறது, எல்லாப் பல்லும் இருக்கிறது, அதுதான் சங்கடம்.

“அண்ணாச்சி, பாதியில போட்டுட்டு ஒறங்கிட்டிய. நாந்தான் மிச்சத்தக் கழுவுதேன்.”

கண்ணைத் திறந்தான். ஜெபக்கனி தொட்டிக்கு முன்னால் நின்று ஸ்லைடுகளைக் கழுவித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. அது அவனுடைய வேலை. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதுகிறவர்களுக்குச் சனிக்கிழமை தோறும் இந்தப் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் செய்முறை வகுப்பு. இராவேலை முடிந்து நேராக வந்துவிடுவதால் கதவு திறக்கும்போதே அவன் நிற்பான். வீட்டுக்குப் போய் என்ன செய்ய? வீட்டில் ஒரு பாய், ஒரு அடுப்பு, சுவரில் ஒரு கடிகாரம். சும்மா நிற்கிறவனிடம் குளோரி டீச்சர் முதல் வாரம் ஸ்லைடு தட்டைக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து அது அவனுடையதாகிவிட்டது. எழுந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்; நினைத்தானே ஒழிய உடம்பு எழும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் வெயில் ஏறியிருந்தது. வெயிலில் கண் கூசும்போதெல்லாம் தான் எங்கோ வெளியூருக்கு வந்துவிட்ட மாதிரி அவனுக்கு இருக்கும். இந்தத் தூத்துக்குடியிலேயே பிறந்து, இந்தத் தூத்துக்குடியைப் பகலில் பார்த்தது எத்தனை நாள். எல்லாரும் உறங்கும்போது விழித்திருக்கிறவனுக்கு ஊர் என்று ஒன்று உண்டா. நாக்கு போயிற்று. வந்தது.

“கழுவுனது போதும், கொண்டா,” என்றான்.

“ஆமா, இப்ப வாங்க வந்துட்டாவ. மொகத்தப் போய்க் கழுவுங்க. டீச்சர் வந்தா, இன்னைக்கும் ஒங்களத்தான் மொதல்ல கேப்பாவ.”

இன்னைக்கும். இன்றைக்குத்தான். இந்த ஒரு நாளுக்காகத்தான் அவன் இங்கே வந்ததே. அது இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஜெபக்கனிக்குப் பத்தாவது தேறினால் அங்கன்வாடியில் உதவியாளர் வேலையிலிருந்து ஒரு படி மேலே போகலாம். அந்த மூலையில் இருக்கிற டிரைவருக்கு ஏதோ உரிமத்துக்கு வேண்டும். உங்களுக்கு என்னத்துக்கு அண்ணாச்சி இந்த வயசுல என்று கேட்டதற்கு, சும்மா ஒரு ஆசை என்று சொல்லியிருந்தான். ஆசை. போன ஆடிக்காற்றின்போது ஒரு விடியற்காலையில் கம்பெனி வாசலிலிருக்கும் லாரிக் கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்த்தான்; வெள்ளையாக இருந்தது. சோற்றுப் பருக்கை என்று நினைத்து விரலால் சுரண்டினான், வரவில்லை. உறக்கம் வராமலிருக்க இருபது வருஷமாகப் புகையிலையை ஒதுக்கி வைத்த இடம் அது. அந்தக் கன்னத்தில்தான் வைப்பான், இடது பக்கம் வைத்தால் ருசிக்காது. அன்றைக்கே பொட்டலத்தைக் கடலில் எறிந்தான். எறிந்தால் வெள்ளை போய்விடும் என்று இருந்தான். போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவேண்டும், எவனும் போவான். அவன் பழைய பேப்பர் கடைக்குப் போனான். வாய் என்று ஏதாவது பாடம் இருக்கிறதா என்று அறிவியல் புத்தகங்களைப் புரட்டினான். வாய் இல்லை, செல் இருந்தது. அந்தப் புத்தகத்தை எடைக்குத்தான் கொடுத்தான் கடைக்காரன். கம்பெனியில் கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில், அம்மோனியா வாடையில், அதை வாசித்து வாசித்து அட்டை கழன்றுவிட்டது. எல்லா உயிரும் செல்லால் ஆனது. செல் செல்லிலிருந்துதான் வரும், வேறு எங்கிருந்தும் வராது. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். பக்கத்துச் செல்லைத் தொட்டதும் பெருகுவதை நிறுத்திக்கொள்ளும். நிறுத்தத் தெரியாததும் உண்டு. அந்த வரியில் அவன் எத்தனை இராத்திரி உட்கார்ந்திருந்தானோ. பக்கத்தில் ஒருத்தரும் இல்லாவிட்டால் எதைத் தொட்டு எதை நிறுத்துவது என்று ஒருமுறை நினைத்து, அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான். பாடத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: உங்கள் உள்கன்னத்தை மெல்லச் சுரண்டி நுண்ணோக்கியில் பாருங்கள். உள்கன்னம்! தன் பெயரையே அச்சில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அப்படியென்றால் ஒருத்தரிடமும் வாயைத் திறந்து காட்டாமல் தானே பார்த்துவிடலாம். பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். மைக்ராஸ்கோப் எங்கே இருக்கும்? பள்ளிக்கூடத்தில். பள்ளிக்கூடத்துக்குள் நாற்பத்தேழு வயசுக்காரனை யார் விடுவார்கள்? பரீட்சை எழுதினால் விடுவார்கள். எழுதினான் விண்ணப்பம்.

குளோரி டீச்சர் வந்தார்கள். எல்லாருக்கும் பல்குச்சி கொடுத்தார்கள். “போன வாரம் பாத்தது வெங்காயம். அதுக்குச் சுவர் உண்டு, அதனாலதான் கட்டங்கட்டமா நின்னுது. ஒங்களுக்குச் சுவர் கெடையாது, சவ்வு மட்டுந்தான். மெல்லிசு. உள்ள வரவேண்டியத விடும், மத்ததுக்குக் கதவச் சாத்தும்,” என்றார்கள். ஆமாம், வெங்காயம். ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது அவனுக்கு உப்பளம்தான் ஞாபகம் வந்தது. சின்ன வயசில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று பார்த்த, பாத்தி பாத்தியாக வரப்புக் கட்டிய உப்பளம். அதற்குப் பிறகு அன்றைக்கு அவன் எதையும் கேட்கவில்லை. முந்தின இராத்திரி எட்டு போட்டுக்கு ஐஸ் ஏற்றிய உடம்பு, நின்றபடியே உறங்கிவிட்டது. எல்லாரும் ஜெபக்கனியின் படத்தைப் பார்த்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்ததும், டீச்சர் கண்ணாடியைச் சாய்த்து எதையோ காட்டியதும், கிணற்றுக்குள்ளிருந்து கேட்டதுபோல் இருந்தது. “வலிக்காது. சும்மா ஒரு இழுப்பு,” என்று இப்போது டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “ஒங்க கன்னத்துல தெனமும் செல் உதிருது, தெனமும் நீங்களே முழுங்குதீங்க. உதிரப்போறதுதான் குச்சியில வரும். பயப்படாதீங்க.” தினமும் தன்னையே கொஞ்சம் விழுங்கிக்கொண்டிருக்கிறான். அப்படியானால் நேற்றைய கன்னம் இன்றைக்கு இல்லை. கல்யாணத்தன்று ராஜபுஷ்பம் வெட்கத்தோடு வாயில் திணித்த லட்டைத் தொட்ட கன்னம் எப்போதோ உதிர்ந்து போய்விட்டது. வெள்ளை மட்டும் ஏன் உதிரவில்லை.

ராஜபுஷ்பம் குவைத்துக்குப் போய் ஆறு வருஷம். யாரோ ஒரு அரபிக் கிழவிக்குத் தலை சீவிவிட்டு, மாத்திரை கொடுத்து, கால் பிடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் போனில் முகம் காட்டுகிறாள். முதல் வருஷம் அழுதாள், இரண்டாம் வருஷம் சண்டை போட்டாள், இப்போது இரண்டும் இல்லை. சாப்பிட்டாச்சா. சாப்பிட்டாச்சு. அங்க மழையா. இல்ல. கம்பெனிக்கு நேரமாச்சோ. ஆமா. அந்தக் கிழவியின் நாக்கில் புண் வந்தால்கூட அவளுக்குத் தெரியும். தன் வாய்க்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் அவன்தான். ஆடிக்கு அப்புறம், வலது கன்னம் தெரியாதபடி போனை இடது பக்கமாகவே பிடிக்கிறான். போன வெள்ளிக்கிழமை அவள் கேட்டே விட்டாள்: “ஏன் எப்பவும் ஒருச்சாஞ்சே உக்காந்திருக்கீங்க? அந்தப் பக்கம் யாரு இருக்கா?” விளையாட்டாகத்தான் கேட்டாள். கடைசியில் விளையாட்டாக இல்லை. யாரும் இல்லை, நான்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, வாயை நன்றாகத் திறந்தால் தெரிந்துவிடுமென்று பாதியில் மூடிக்கொண்டான். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். கம்பியில் காய்கிற துணியைக் காற்று இழுத்துக்கொண்டு போவது போல அவள் முகம் திரையிலிருந்து போயிற்று. அதை இப்போது எதற்கு நினைக்க? கையில் பல்குச்சி இருக்கிறது. இடதா வலதா. ஜெபக்கனி அதற்குள் சுரண்டி, தடவி, நீலச் சாயம் விட்டுவிட்டாள். இடது பக்கம் சுரண்டினால் ஒன்றும் இராது. நன்றாக இருக்கிற கன்னத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறதென்று வீட்டுக்குப் போகலாம், யார் கேட்கப் போகிறார்கள். குச்சி இடது பக்கம்தான் போயிற்று. போய்த் தொட்டது, வழவழவென்றிருந்தது, அங்கிருந்து அவன் அதை எடுத்தான். இன்றைக்கு விட்டால் அடுத்த ஜென்மத்திலா மைக்ராஸ்கோப் கிடைக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வலது பக்கம் வைத்து இழுத்தான். இழுத்தான் என்று சொல்லமுடியாது, வைத்தான். பிறகு இழுத்தான்.

ஸ்லைடில் தடவினான். நீலம் ஒரு சொட்டு. மூடுகண்ணாடியை மேலே தொப்பென்று வைத்தான். பாளத்தை லாரியில் இறக்கிப் பழகிய கை. வரிசையில் நின்றான். முறை வந்ததும் ஒற்றைக் கண்ணை மைக்ராஸ்கோப் குழாயில் பொருத்தினான். முதலில் தன் இமைமுடிதான் தெரிந்தது, பனைமட்டை மாதிரி மேலும் கீழும் ஆடியது. திருகைத் திருப்பினான். வெளிச்சம் கலங்கிற்று, தெளிந்தது, மறுபடி கலங்கிற்று. அப்புறம் அது வந்தது. உருண்டையாக. கறுப்பாக ஒரு கனத்த வளையம், இரும்பு வளையம் மாதிரி, அதற்குள்ளே ஒன்றுமில்லாத வெளுப்பு. பக்கத்தில் இன்னொன்று, சின்னது, பெரியதோடு ஒட்டிக்கொண்டு. ஒன்று இரண்டாகும். திருகைத் திருப்பத் திருப்ப அது தடித்தது. புத்தகத்தில் இப்படி ஒரு படமே இல்லை. சாதாரண மனுஷருக்கு இருப்பதைத்தானே புத்தகத்தில் போடுவார்கள். உள்ளே உட்கரு இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லை, பசி மாதிரி வெறும் வட்டம். இதுதான். இதுவா நான் இருபது வருஷமாக ஒதுக்கி வைத்துச் சேர்த்தது. காதுக்குள் கம்பெனி இயந்திரம் ஓட ஆரம்பித்தது. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். ராஜபுஷ்பத்துக்கு யார் சொல்வார்கள்? கம்பெனி மேஸ்திரியிடம் அவள் நம்பர் இல்லை. வீட்டுக் கதவை உடைத்துத்தான் பார்ப்பார்கள், இராவேலைக்காரன் வீடு பகலில் பூட்டியிருந்தால் உறங்குகிறான் என்றுதானே நினைப்பார்கள், ஒரு வாரமானாலும் உறங்குகிறான் என்றுதானே நினைப்பார்கள். அவள் விமானம் பிடித்து வருவதற்குள் கம்பெனியில் இருந்துதான் ஐஸ் வாங்கி வைக்கவேண்டியிருக்கும். அந்த நினைப்பு அவ்வளவு சின்னத்தனமாக, அவ்வளவு சரியாக இருந்தது, சிரிப்பு வந்தது.

“அண்ணாச்சி? என்ன, செல்ல எண்ணிக்கிட்டா இருக்கிய? நவுளுங்க, பின்னால ஆளு நிக்கி.”

அவன் நகரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டிருந்த அவன் விரல்களை ஜெபக்கனி பார்த்தாள். பிறகு அவனை லேசாகத் தோளால் தள்ளிவிட்டு, தானே குனிந்து கண்ணை வைத்தாள்.

“அட,” என்றாள். குனிந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “நீங்களும் மாட்டிக்கிட்டியளா! இது காத்துல்லா அண்ணாச்சி. காத்துக்குமிழி. போன வாரம் இதத்தான நான் வெங்காயச் செல்லுன்னு பெருசா படம் போட்டு, நடுவுல உட்கருன்னு அம்புக்குறியும் போட்டேன். டீச்சரு எல்லாருக்கும் தூக்கிக் காட்டிச் சிரிப்பாச் சிரிச்சாவல்ல, நீங்க எங்க இருந்தீய?”

“காத்தா?”

“காத்துதான். கண்ணாடியத் தொப்புன்னு வெச்சா உள்ள மாட்டிக்கிடும். சாய்ச்சு, ஒரு ஓரத்த மொதல்ல தொட்டு, மெதுவா எறக்கணும். பிள்ளையத் தொட்டில்ல போடுத மாரி. இரிங்க.” ஊசியால் கண்ணாடியின் ஓரத்தை நெம்பி மெல்ல இறக்கினாள். “இப்பப் பாருங்க.”

பார்த்தான். கறுப்பு வளையம் போயிருந்தது. அதன் இடத்தில் மங்கலான நீலத் துணுக்குகள், ஓரம் மடிந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, சில தனித்தனியே. தட்டாம்பயறு வேகும்போது தோல் கழன்று மிதக்குமே, அப்படி. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி, கருநீலம். உட்கரு. அவனுடைய உட்கரு. அம்மையும் அய்யாவும் ஆளுக்குப் பாதி கொடுத்தது அதற்குள்தான் சுருட்டி வைத்திருக்கிறது என்று வாசித்திருக்கிறான். சுவர் இல்லாமல், வரப்பு இல்லாமல், இவ்வளவு மெலிசாகவா இருக்கிறோம். காற்று. வெறும் காற்றுக்காகவா இவ்வளவும். அவனுக்குச் சந்தோஷம் வந்தது, வந்து வாசலிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் இப்போது பார்க்கிறானே, இது நல்லதா கெட்டதா? இந்தத் துணுக்கு ஏன் மடிந்திருக்கிறது? அந்தப் புள்ளி மற்றதைவிடப் பெரிதா, அல்லது அது மட்டும் அதிக நீலம் குடித்ததா? எதைப் பார்த்தால் தெரியும்? காற்றையே அடையாளம் தெரியாதவனுக்கு எது தெரியும். இத்தனை இராத்திரி வாசித்து, விண்ணப்பம் போட்டு, உறக்கத்தை விட்டு, கடைசியில் இந்தக் குழாய்க்கு முன்னால் வந்து நின்றால், குழாய் காட்டுகிறது, சொல்லமாட்டேன் என்கிறது. ஆடியிலிருந்து அவன் நம்பிக்கொண்டிருந்தது இதைத்தான்: ஒருத்தரிடமும் வாய் திறக்காமல் தெரிந்துகொள்ளலாம் என்று. அது முடியாது. அப்படி ஒரு வழி இல்லவே இல்லை. நாக்கு போயிற்று. குச்சி இழுத்த இடம் எரிந்தது.

“நல்லாத்தான விழுந்துருக்கு,” என்றாள் ஜெபக்கனி பக்கத்தில். “பின்ன ஏன் இப்பிடி வேர்க்கிய? பசியா? காலையில ஏதும் தின்னியளா இல்லியா?”

சும்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். அடுத்தவன் முறைக்குக் காத்திருக்கிறான். ஸ்லைடை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான், அவளும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“வலது பக்கம்,” என்றான்.

“என்னது?”

“வெள்ளையா ஒண்ணு இருக்கு. உள்ள. சொரண்டுனா வரமாட்டங்கு.”

சொல்லிவிட்டான். இவ்வளவுதானா. நாலு வார்த்தை. வேப்பமரம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜெபக்கனி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். கையைத் தலைப்பில் துடைத்தாள்.

“ஆ காட்டுங்க.”

“இங்கயா?”

“பின்ன, மேளம் கொட்டியா காட்டணும்? முட்டைய முழுங்கிச்சா, கன்னத்துல ஒதுக்கி வெச்சிருக்கான்னு தெனமும் அங்கன்வாடியில இருவத்தஞ்சு வாயப் பாக்கேன். வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க. ம். ஆ.”

ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்தான். வெயில் நாக்கின் மேல் விழுவது தெரிந்தது, அது இளஞ்சூடாக இருந்தது. அவள் விரல் தாடையைப் பிடித்து, கொஞ்சம் சாய்த்து, கன்னத்தை வெளிப்பக்கமாக இழுத்தது. சோப்பும் அவித்த முட்டையும் கலந்த வாடை. ஆறு வருஷத்தில் இன்னொரு ஆள் கை அவன் முகத்தில் பட்டது இதுதான், சவரக்காரரை விட்டுவிட்டால். எதுவும் சொல்லமாட்டாளா. சொல்லாமல் இருந்தால் மோசம் என்று அர்த்தமா. அவள் மூச்சு ஒருமுறை நின்று பிறகு வந்தது. அது அவனுக்குக் கேட்டது.

“எவ்வளவு நாளா இருக்கு?”

“ஆடியில பாத்தேன்.”

“ஆடியில பாத்து,” என்றாள், “இவ்வளவு நாளும் பாடம் படிச்சிக்கிட்டு இருந்தியளாக்கும்.” திட்டுகிற குரல்தான். திட்டி முடிக்காமல் விட்டாள். “எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. நான் முட்டைதான் பாப்பேன். இது டாக்டரு பாக்கவேண்டியது. பெரியாஸ்பத்திரியில மதியம் வரைக்கும் சீட்டு குடுப்பாவ, இப்பமே போனா புடிச்சிரலாம். நானும் வாறேன், அந்தக் கட்டடத்துல வழி தெரியாம நீங்க ஒறங்கிக்கிட்டே சுத்துவிய. வீட்டுல சொல்லியாச்சா?”

“அவ குவைத்துல.”

“குவைத்துல காது கேக்காதா? சீட்டு வாங்கிட்டு அங்க பெஞ்சுல உக்காந்துருக்கும்போது போனப் போட்டுச் சொல்லுங்க. டீச்சர்கிட்ட நான் போயிச் சொல்லிட்டு வந்துருதேன். அதுவரைக்கும் அங்கயும் இங்கயும் போயிராதீங்க.”

போனாள். மேசைகளுக்கு நடுவே அவள் போவதையும், குளோரி டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தன் பக்கம் பார்ப்பதையும் அவன் பார்த்தான், பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. இன்றைக்குச் சனி. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போன் போனால் ராஜபுஷ்பம் பயந்துதான் எடுப்பாள். பயந்துகொண்டு எடுக்கட்டும். இரண்டு பேரும் பயப்படலாம், ஒருத்தனே பயப்படுவதற்கு அது எவ்வளவோ மேல். வலது பக்கம் யாரும் இல்லை புள்ளே, என்று ஆரம்பிக்கலாமா. அல்லது சாப்பிட்டாச்சா என்றே ஆரம்பிக்கலாமா. ஓடிப்போய்விடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது, பின்வாசல் திறந்துதான் கிடந்தது. தட்டில் இன்னும் பாதி ஸ்லைடு கழுவாமல் இருந்தது. அவன் சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிட்டான். குழாயைத் திறந்து, தன் ஸ்லைடைத் தண்ணீருக்கடியில் பிடித்தான். மூடுகண்ணாடி நழுவிற்று, நீலம் இழையாகப் பிரிந்து தொட்டியில் ஓடி, வெளுத்து, போயிற்று. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஓரத்தில் ஒரு கறை. கட்டைவிரலால் தேய்த்து, மறுபடி அலசி, தட்டில் சாய்த்து வைத்தான். கிணுங். அடுத்ததை எடுத்தான்.